கசவின் வெள்ளை

இடவம்

மலையாள மாதமான இடவத்தின் நடுவில் தொடங்கும் பருவமழை, இடவப்பாதி, இந்த வருஷம் இரவில் வந்தது. ஓட்டின் மேல் முதல் மழை விழும் சத்தத்தில் விழித்துக்கொண்டேன். எழுந்ததும் லென்ஸ்களை மர அலமாரியிலிருந்து எடுத்துக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றினேன். சிலிக்கா ஜெல் மணிகளைச் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தேன். ஈரம் குடித்து நிறம் மாறியிருந்தவை கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிறத்துக்குத் திரும்பின. திருவனந்தபுரத்தில் கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த வேலை தெரிந்திருக்கும். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும், கண்ணாடிக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்துவிடும்.

மழை மாதங்களில் வெளியே போய்ப் படமெடுப்பது குறைவு. எடுத்ததை உட்கார்ந்து பார்க்கும் காலம் இது. இந்தத் தடவை ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆறு வருஷமாக நான் படங்களைத் திருத்தும் மென்பொருளின் சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதா, வேறு ஒன்றுக்குப் போவதா?

நான் படமெடுத்துச் சம்பாதிப்பவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சாலைக் கடைத்தெருவிலும் சங்குமுகம் கடற்கரையிலும் கேமராவோடு நடப்பவன். வருஷத்துக்கு ஆயிரம் படம் எடுத்தால் நாற்பது தேறும். அந்த நாற்பதுக்காக மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குள் உறுத்திக்கொண்டிருப்பது பணம் இல்லை.

பத்து வருஷத்துக்கு முன் ஒரு சிறிய நிறுவனத்தின் மென்பொருளில் படங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு படத்தோடும் இடம், நாள், யார் யார் இருக்கிறார்கள் என்று குறித்து வைக்கலாம். நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் அப்பாவைக் கடைசியாக எடுத்த படத்துக்கு நாலு வரி எழுதியிருந்தேன், அன்று அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே. ஒரு நாள் அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டது. அடுத்த கணினியில் அந்த மென்பொருள் திறக்கவேயில்லை. படம் பத்திரமாக இருக்கிறது. நாலு வரி போய்விட்டது. அப்பா சொன்னது முழுசாக நினைவில் இல்லை.

பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஆப்பிள் தன் அபர்ச்சர் மென்பொருளை நிறுத்துவதாக 2014இல் அறிவித்தது. வீட்டுக்கு வீடு இருந்த பிக்காசாவை கூகுள் 2016இல் நிறுத்தியது. 1990இல் வந்த போட்டோஷாப்பை அடோபி 2013 முதல் சந்தா முறைக்கு மாற்றியது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்த லைட்ரூமின் கடைசிப் பதிப்பு 2015இல் வந்த ஆறாம் பதிப்பு. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்றாலும் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுத்துக்கொள்ளலாம். திருத்தும் அறை பூட்டிக்கொள்ளும். அது மிக நல்ல மென்பொருள். கல்யாண வீட்டில் ஒரே நாளில் மூவாயிரம் படமெடுத்து மறுவாரம் ஆல்பம் கொடுக்க வேண்டியவருக்கு நான் தயங்காமல் அதையே சொல்வேன்.

எனக்கு எது என்பதுதான் தெரியவில்லை. மழை இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. சந்தா முடிந்தாலும் அவசரம் இல்லை.

கர்க்கிடகம்

அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். இங்கே அரசுப் பள்ளியில் படித்தவள், இப்போது கோழிக்கோட்டில் கல்லூரி. நான் மேஜையில் தாளை வைத்து மென்பொருள் பெயர்களை எழுதி அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "எதுக்கு சித்தப்பா இவ்வளவு யோசிக்கிதிய? கிம்ப் இருக்குல்லா? எங்களுக்கு ஸ்கூல்லயே சொல்லித் தந்தாங்களே" என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. நான் பல வருஷமாக வெளியே தேடிக்கொண்டிருந்தது இந்த ஊர்ப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருந்திருக்கிறது.

கேரளத்தின் அரசுப் பள்ளிக் கணினிகள் லினக்ஸில் ஓடுகின்றன. ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017 முதல் கைட் என்ற பெயரில் இயங்கும் அரசு அமைப்பு அந்த வேலையைச் செய்கிறது. அதன் தலைமையிடம் இதே ஊர். பிள்ளைகள் படத்தைத் திருத்தக் கற்பது கிம்ப்பில், கோட்டோவியம் வரைவது இங்க்ஸ்கேப்பில். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்டதும் திருவனந்தபுரத்தில்தான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்காக வந்திருந்தார். கட்டற்ற மென்பொருளுக்கென்று கேரள அரசு நடத்தும் ஐசிஃபாஸ் நிறுவனமும் இங்கேதான் இருக்கிறது. நான் தினமும் பஸ்ஸில் சுற்றுகிற ஊர் இது.

இலவசம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் இந்த வகை மென்பொருளைத் தவறாகவே புரிந்துகொள்கிறோம். மலையாளத்தில் இதற்கு ‘சுவதந்த்ர’ என்று அடைமொழி. தமிழில் கட்டற்ற என்கிறோம். எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம், உள்ளே திறந்து படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். காசில்லாமல் கிடைப்பது இதன் கூடவே வருவது. எழுதியவர் நாளைக்கு விட்டுவிட்டுப் போனாலும் வேறொருவர் எடுத்து நடத்த வழி இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிம்ப்பை 1995இல் எழுதத் தொடங்கியவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இரண்டு மாணவர்கள், ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ். படிப்பு முடிந்து அவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். பிறர் கையில் அது வளர்ந்து, 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. அப்பாவைப் பற்றி எழுதிய நாலு வரியை இப்படிப்பட்ட ஒன்றில் வைத்திருக்கலாம்.

மறுநாள் மழை விட்ட இடைவெளியில் இரண்டு பேரும் சாலைக்குப் போனோம். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உண்டான கடைத்தெரு. தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும். கர்க்கிடகத்தில் கடைகளுக்கு முன்னால் எல்லாம் நீலத் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். ஒரு பழக்கடையில் நேந்திரம், செவ்வாழை, ரசகதலி, எங்கள் நாகர்கோவில் மட்டி எல்லாம் குலைகுலையாகத் தொங்கின. தார்ப்பாய் வழியாக இறங்கிய வெளிச்சம் நீலம். கடைக்குள் தொங்கிய பல்பு மஞ்சள். கண்ணுக்கு எதுவும் தோன்றவில்லை, பழம் பழமாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து திரையில் திறந்தால் செவ்வாழையின் ஒரு பக்கம் கத்தரிக்காய் நிறம், மறுபக்கம் செங்கல் நிறம்.

நம் கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. கேமராவின் சென்சாருக்கு அது தெரியாது. அதற்கு நிறம்கூட நேரடியாகத் தெரியாது. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரே ஒரு நிறவடிகட்டி இருக்கிறது. 1 கோடியே 20 லட்சம் புள்ளி பச்சை, சிவப்பும் நீலமும் 60 லட்சம் வீதம். கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அடுக்கு முறை இது. ஒவ்வொரு புள்ளியிலும் இல்லாத மற்ற இரண்டு நிறத்தைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் கணக்கிட்டு நிரப்புகிறது. கேமரா தானே அந்தக் கணக்கை முடித்து, மிச்சத்தைக் கழித்துவிட்டுக் கொடுப்பது ஜேபெக். கழிக்காமல் அள்ளிக் கொடுப்பது ரா. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலை. 14 பிட் ராவில் 16,384.

அப்படியென்றால் எனக்கு முதலில் வேண்டியது ராவைத் திறந்து இந்தக் கணக்கை நன்றாகச் செய்யும் மென்பொருள். கிம்ப் அதற்கானது இல்லை, அது அடுத்த கட்டம். ராவுக்கு டார்க்டேபிள் இருக்கிறது, ராதெரப்பி இருக்கிறது. இரண்டும் கட்டற்றவை, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இரண்டையும் ஏற்றினேன். செவ்வாழைப் படத்தை இரண்டிலும் திறந்து ஒரு வாரம் பார்த்தேன். நீலம் விழுந்த பக்கத்துக்கு ஒரு வெள்ளைச் சமநிலை, மஞ்சள் விழுந்த பக்கத்துக்கு வேறு. டார்க்டேபிளில் இரண்டையும் தனித்தனி முகமூடி போட்டுப் பிரித்துச் செய்ய முடிந்தது. முழுக்கச் சரியானதும் படம் செத்துப்போனது போலிருந்தது. மழைநாளின் கடையென்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. பாதி நீலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

சிங்கம்

ஓணம். எதிர்வீட்டு அம்மாவையும் அவர்கள் மருமகளையும் அத்தப்பூக் கோலத்துக்கு முன்னால் உட்காரவைத்து எடுத்தேன். இருவரும் சரிகைக் கரை போட்ட கசவு முண்டு உடுத்தியிருந்தார்கள்.

கசவின் வெள்ளை வெள்ளை இல்லை. வெளுக்காத பருத்தி நூலின் நிறம், பாலில் ஒரு துளி சந்தனம் கரைத்தது போல. கேமராவின் தானியங்கி அதைக் குறையென்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிச் சலவை வெள்ளையாக்கிவிட்டது. சரிகைக் கரை பித்தளையாகிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. கேமராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுச்சாம்பலாகவே எண்ணிக்கொள்ளும். வெள்ளைத் துணி நிறைந்த படத்தை மங்கலாக்கும், கறுத்த முகம் நிறைந்த படத்தை வெளுப்பாக்கும். நானும் மென்பொருளில் தானியங்கிப் பொத்தானை அழுத்தியிருந்தேன். முகங்கள் பளிச்சென்று வந்தன.

அண்ணன் மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, அந்தப் பாட்டி இப்படி வெள்ளையாவா இருக்காங்க?"

இல்லை. எதிர்வீட்டு அம்மா நல்ல கறுப்பு. வெயிலில் நெல் காயவைத்த கறுப்பு, எண்ணெய் தேய்த்தால் மின்னும் கறுப்பு. நான் அதை அழித்திருந்தேன். அழித்தது தெரியாமலே அழித்திருந்தேன் என்பது அன்று முழுதும் மனசை விட்டுப் போகவில்லை. ஸ்டூடியோக்களில் டச்சிங் என்று நெகட்டிவில் பென்சில் வைத்த காலத்திலிருந்து நம்மிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது. கேட்காமலே வெளுப்பாக்கிக் கொடுப்பார்கள், வாங்கியவரும் சந்தோஷப்படுவார். இப்போது அதைத் தொலைபேசி செய்கிறது, முகத்தைக் கண்டதுமே.

வெளிச்சத்தைப் பழையபடி இறக்கினேன். வெப்பநிலையைக் கையால் நகர்த்தினேன். கசவின் ஒரு மூலை கண்ணுக்குத் தெரிந்த நிறத்துக்கு வரும்வரை, எதிர்வீட்டில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அதே முண்டை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே செய்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. மென்பொருளைத் தேர்வதில் நான் பார்க்க வேண்டியது எது என்று எனக்குக் கொஞ்சம் தெளிந்தது அந்தக் கால் மணி நேரத்தில்தான். என்னைக் கேட்காமல் எதையும் செய்யாத மென்பொருள் வேண்டும். டார்க்டேபிளும் படத்தைத் திறக்கும்போதே ஓர் அடிப்படை ஒளியமைப்பைப் போடத்தான் செய்கிறது. ஆனால் போட்டது ஒவ்வொன்றும் வரிசையாகப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். எதை வேண்டுமானாலும் அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.

கன்னி

செப்டம்பர் 22, 23. பகலும் இரவும் சமமாகும் நாட்கள். பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு ஏழு நிலை. சம இரவு நாட்களின் மாலையில், கோபுரத்துக்குக் கிழக்கே நின்று பார்த்தால், மேற்கே இறங்கும் சூரியன் மேல்நிலை வாசலில் நுழைந்து ஒவ்வொன்றாகக் கீழ்நிலை வாசல்களில் தோன்றிக்கொண்டே போகும். கட்டியவர்கள் நேர்க்கிழக்கு மேற்காக நிறுத்தியிருப்பதால் வருவது. வருஷத்தில் இரண்டு தடவை. கிழக்குக் கோட்டையில் ஊரே கூடும், கேமராக்காரர்கள் முக்காலியோடு.

22ஆம் தேதி மேகம். 23ஆம் தேதி நாலாவது வாசலில் மட்டும் சூரியன் வந்தது. ஏழெட்டுப் படம் எடுத்தேன்.

வீட்டில் திறந்தபோது கோபுரம் கரிக்கட்டையாக இருந்தது. ராவில் நிழலை ஏற்றியதும் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வந்தன. ஒரு யாளி, ஒரு துவாரபாலகர், ஒரு புறாக்கூடு. அவ்வளவு இருட்டிலும் சென்சார் அவற்றைப் பார்த்திருக்கிறது. சூரியன் மட்டும் திரும்பவில்லை. 16,384 படிநிலைக்கு மேல் அதற்கு எண் கிடையாது. நிரம்பிய குடத்துக்கு மேல் வழிந்த தண்ணீர் போல, நிரம்பிய இடத்தில் எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. விலை கூடிய மென்பொருளில் வருமோ என்று நண்பர் ஒருவரின் கணினியிலும் திறந்து பார்த்தேன். அங்கேயும் ஒரு வெள்ளை வட்டம்தான்.

அடுத்த தடவை வெளிச்சம் குறைத்து எடுக்க வேண்டும். இது மென்பொருளின் பாடம் இல்லை, விரலின் பாடம்.

நிழலை ஏற்றிய படத்தை மறுநாள் காலையில் பார்த்தபோது பிடிக்கவில்லை. அந்தி நேரத்தில் கோபுரத்தின் யாளி யாருக்கும் தெரிவதில்லை. பாதிக்கும் மேலே இறக்கிவிட்டேன்.

துலாம்

துலாவர்ஷம், வடகிழக்குப் பருவமழை. மாலை நாலு மணிக்கு இடி, ஐந்து மணிக்கு மின்சாரம் போகும். இன்வெர்ட்டரில் இரண்டு மணி நேரம் வேலை செய்யலாம்.

அச்சுக்குக் கொடுத்திருந்த ஐந்து படங்கள் வந்தன. எல்லாம் இருண்டிருந்தன. லேபில் தவறில்லை. என் திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். ஒளிரும் திரையில் சரியாகத் தெரிந்தது தாளில் இருட்டாகத்தானே வரும்? திரையைப் பாதிக்கும் கீழே இறக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தோன்றும் அளவில் நிறுத்தினேன். எந்த மென்பொருள் வாங்கினாலும் இதைச் செய்யாமல் பயனில்லை.

மகரம்

பழைய வட்டைத் தேடி எடுத்தேன். 2020 ஜனவரி 15, லட்சதீபம். பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை, முறஜபம் என்ற 56 நாள் வேத பாராயணம் முடியும் அன்று ஏற்றுவது. வெளியே நின்று எடுத்தவை. அன்றைக்கு இருந்த மென்பொருளில் இருட்டுப் பகுதியெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. ஒன்றும் தேறாது என்று ஒதுக்கியிருந்தேன். அழிக்கவில்லை.

இன்று டார்க்டேபிளில் திறந்தேன். என் கேமராவின் மாதிரியைத் தானே அறிந்து, அந்த மாதிரியின் இரைச்சல் அளவுகளை வைத்துப் புள்ளிகளை நீக்கும் கருவி ஒன்று அதில் இருக்கிறது. மதில் தெளிந்தது. தீபங்களின் நிறத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய்த் திரியின் வெளிச்சம் 1,900 கெல்வின் பக்கம். பகல் வெளிச்சம் 5,500. திரியை வெள்ளையாக்கினால் அது டியூப் லைட்.

ஆறு வருஷத்துக்கு முன் எடுத்தது, அன்றைக்கு முடியாதது, இன்றைக்கு முடிகிறது. ரா கோப்பு ஒன்றைக் கூட அழிக்காமல் வைத்ததால்தான்.

ஒரு காரியம் செய்தேன். டார்க்டேபிள் படத்தைத் தொடுவதில்லை. செய்த திருத்தங்களையெல்லாம் அதே பெயரில் எக்ஸ்எம்பி என்று முடியும் ஒரு சிறு கோப்பில், படத்தின் பக்கத்திலேயே எழுதி வைக்கிறது. அதைச் சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்து பார்த்தேன். எந்தக் கருவி, எந்த வரிசையில் என்பது எழுத்தாகவே இருந்தது. அளவுகள் சங்கேதமாக இருந்தன, என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் நான் படத்துக்கு எழுதிய தலைப்பும் குறிப்பும் படிக்கும்படியே இருந்தன. தமிழில் எழுதியது தமிழிலேயே இருந்தது. வேறு எந்த மென்பொருளும் இல்லாத கணினியிலும் அதை வாசிக்கலாம்.

திருத்தங்கள் அப்படியில்லை. ஒரு மென்பொருளின் திருத்தத்தை இன்னொன்று அப்படியே எடுத்துக்கொள்ளாது. லைட்ரூமில் செய்தது டார்க்டேபிளில் ஓரளவுக்கே வரும், இங்கே செய்தது அங்கே வராது. அதனால் மனதுக்கு நிறைவான படத்தை ஒரு டிஃப் கோப்பாகவும் எடுத்து வைக்கிறேன். சிலதைத் தாளிலும். திருவிதாங்கூர் அரசின் புகைப்படக்காரராக இருந்த ஜக்கரையாஸ் டிக்ரூஸ் 1900ஐ ஒட்டி எடுத்த படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. அச்சிட்டு ஆல்பமாக்கியதால் கிடைக்கின்றன.

அப்பாவின் படத்துக்கு, நினைவிருக்கும் அளவுக்கு இரண்டு வரி மறுபடி எழுதினேன்.

கும்பம்

ஆற்றுகால் பொங்கல். கும்ப மாதம், பூர நட்சத்திரம். இங்கே பொங்காலை என்பார்கள். ஆற்றுகால் அம்மை கண்ணகி என்பது ஐதீகம், மதுரையை எரித்துவிட்டுத் தெற்கே வந்தவள் கிள்ளியாற்றங்கரையில் தங்கினாள் என்று சொல்வார்கள். கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குத் தெருவெல்லாம் மூன்று செங்கல் வைத்த அடுப்பு, ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு பெண், ஒரு மண்பானை. 2009இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகம் கணக்கு வைத்திருக்கிறது.

கோயிலிலிருந்து தீ வந்து அடுப்புக்கு அடுப்பு மாறியது. பத்து நிமிஷத்தில் ஊரைப் புகை மூடிவிட்டது. தென்னோலையும் கொதும்பும் எரியும் புகை. கண்ணைத் திறக்க முடியவில்லை. எதிர்வீட்டு அம்மா எங்கள் தெரு முனையிலேயே அடுப்பு வைத்திருந்தார்கள். முந்தானையால் ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கண்ணால் பானையைப் பார்த்த அந்த ஒரு நொடியை எடுத்தேன். பின்னால் இருந்த பெண்கள் எல்லாம் புகைக்குள் வெறும் நிழலாக.

சாயங்காலம் திரையில் திறந்தேன். தட்டையாக, சாம்பலாக இருந்தது. புகைமூட்டம் நீக்கும் பொத்தான் இன்று பல மென்பொருள்களில் இருக்கிறது. லைட்ரூமில் டீஹேஸ் என்பார்கள், டார்க்டேபிளிலும் உண்டு. தூரத்து மலையைத் தெளிவாக்க நல்லது. இழுத்தேன். பின்னால் நின்ற பெண்களின் முகம், சேலை, சுவரிலிருந்த விளம்பரத் தட்டி, மின்கம்பம், ஸ்கூட்டர் எல்லாம் வந்து நின்றன. முன்னால் ஒரு வயதான பெண், காரணமே இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்காலையே படத்திலிருந்து போய்விட்டிருந்தது.

பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். கண்ணருகே மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன், பானையின் கழுத்தில் வழிந்த நுரையைக் கொஞ்சம் தெளிவாக்கினேன். அதற்கு கிம்ப்பில் டாட்ஜ், பர்ன் என்ற பழைய கருவிகளே போதும். இருட்டறையில் அட்டையையோ விரல்களையோ குறுக்கே பிடித்து அச்சுத்தாளின் ஒரு பகுதிக்கு வெளிச்சத்தைக் குறைத்தும் கூட்டியும் செய்த வேலை அது. பெயரும் அங்கிருந்தே வந்தது. இந்த ஊரில் 1959இல் ஸ்டூடியோ திறந்து, ‘செம்மீன்’ படத்துக்கு ஸ்டில் எடுத்த சிவன் போன்றவர்களின் தலைமுறை கையால் செய்தது. அவர்கள் ஓர் அச்சுக்கு நாலைந்து இடத்தில்தான் கை வைத்திருப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் செலவு. எனக்குச் செலவே இல்லை. அதனாலேயே நான் நூறு இடத்தில் கை வைக்கிறேன். இனி ஒரு படத்துக்கு ஐந்து திருத்தம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறாவது வேண்டுமென்றால் முந்தின ஐந்தில் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

பன்னிரண்டுக்கு எட்டு அங்குலத்தில் ஓர் அச்சு போட்டு எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். "என்றெ கண்ணு இப்போழும் எரியுந்நு அண்ணா" என்றார்கள். திருவனந்தபுரத்தில் மலையாளத்திலும் அண்ணன்தான், வயதில் மூத்தவர்கள்கூடச் சில நேரம் அப்படிக் கூப்பிடுவார்கள்.

மீனம்

சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. ராவுக்கு டார்க்டேபிள், அதற்குமேல் ஏதாவது வேண்டுமென்றால் கிம்ப். எட்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் மெதுவாக ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது. கற்றுக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. டார்க்டேபிள் எளிதில்லை, ஒரே வேலைக்கு மூன்று கருவி இருக்கும், எதைத் தொடுவதென்று முதல் மாதம் தெரியாது. பொறுமை இல்லாதவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். ரா எடுக்காமல் தொலைபேசியில் மட்டும் எடுப்பவருக்கு ஸ்னாப்சீடு போதும், அதுவும் காசில்லாதது. ஆனால் எதை எடுத்தாலும், வாங்குவதற்கு முன் உங்கள் படம் ஒன்றே ஒன்றை, அதில் இருப்பவரையோ இடத்தையோ நேரில் நன்றாகத் தெரிந்த படத்தை, ஒரு மாதம் அதில் வைத்துப் பாருங்கள். பிறர் எடுத்த மாதிரிப் படத்தில் பார்க்காதீர்கள். வீட்டில் ஒரு கசவு முண்டோ அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையோ இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பாருங்கள்.

மார்ச் 20, 21இல் சூரியன் மறுபடி கோபுர வாசல்களில் இறங்கும். இந்தத் தடவை வெளிச்சம் குறைத்து எடுப்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கே கிழக்குக் கோட்டைப் பக்கம் வந்துவிடுங்கள். முன்வரிசை சீக்கிரம் நிறைந்துவிடும்.